காதுக்குள் போன மணிக்கு அவசரமில்லை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருகிறவர்களை வாய் திறக்கும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம். காய்ச்சல்காரர் போர்த்திக்கொண்டு வருவார். வயிற்றுப்போக்குக்காரர் தனியாக வந்து, பக்கத்தில் பெண்கள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார். காதில் எதையோ போட்டுக்கொண்ட பிள்ளை மட்டும் குடும்பத்தோடு வரும். அப்பா வண்டி ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து பிள்ளையின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருப்பாள். இன்னொரு வண்டியில் மாமாவோ சித்தப்பாவோ பின்னாலேயே வருவார். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, காதுல பாசிமணி போயிடுச்சு. வெளிய வர்ற மாதிரி ஏதாவது சொட்டு மருந்து குடுங்க."

அப்படி ஒரு சொட்டு மருந்து எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. நான் கேட்பது மூன்று கேள்வி. உள்ளே போனது பேட்டரியா? உயிருள்ள பூச்சியா? ரத்தமோ தாங்க முடியாத வலியோ தலைச்சுற்றலோ இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால், "வீட்டுக்குப் போய் பிள்ளையைத் தூங்க வைங்க. காலையில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க" என்பேன். "நாளைக்கா?" என்று அந்த அம்மா என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கல்நெஞ்சக்காரனைப் பார்ப்பது மாதிரி இருக்கும். பரவாயில்லை. அந்த ஒரு ராத்திரி யாரும் அந்தக் காதுக்குள் எதையும் விடாமல் இருந்தால் போதும்.

காதுக்குள் போன மணி மூளைக்குப் போய்விடும் என்ற பயம் பல பேருக்கு உண்டு. போகாது. காதின் வெளிவழி ஒரு முட்டுச்சந்து. பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை குறுக்கே மூடியிருக்கிறது. உள்ளே போன பொருள் தானாக அதைக் கிழித்துக்கொண்டு போகாது. மூக்கின் கதை வேறு. மூக்கில் போன பட்டாணியைப் பிள்ளை உறிஞ்சினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம், அதனால் அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. காதுக்கு அந்த ஆபத்து இல்லை. ஒரு பிளாஸ்டிக் மணியோ, ரப்பர் துண்டோ, தெர்மாகோல் உருண்டையோ, கம்மல் திருகாணியோ ஒரு ராத்திரி அங்கே சும்மா கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதை எடுக்கப் போன கொண்டை ஊசிதான் காரியத்தைக் கெடுக்கும்.

ஏன் கெடுக்கிறது என்பதற்கு அந்த வழியின் அமைப்பே காரணம். முதல் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, தொட்டால் வளைந்து கொடுக்கும். மிச்ச இரண்டு பங்கு எலும்பு. எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் தோல் மிக மெல்லியது. அங்கே லேசாக உரசினாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும், ரத்தமும் கசியும். உடுக்கை மாதிரி வழி நடுவில் ஒடுங்கி, அதைத் தாண்டி மறுபடி அகலும். மணி அந்த ஒடுக்கத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் டாக்டருக்கு ஒரு நிமிஷ வேலை. வீட்டில் நாலு பேர் நாலு தடவை முயன்று அதை ஒடுக்கத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், செவிப்பறையை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். செவிப்பறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் நின்றுகொண்டு ஊக்கை ஆட்டுகிறோம்.

வழவழப்பான உருண்டைப் பொருள்தான் இதில் மோசம். புருவம் திருத்தும் பிளக்கரை எடுத்துக்கொண்டு வருவார் ஒரு அத்தை. இரண்டு முனையும் மணியின் வளைவில் வழுக்கும், வழுக்கும்போது முன்னே தள்ளும். அதனால்தான் டாக்டர்களே உருண்டைப் பொருளுக்கு இடுக்கியைத் தொடுவதில்லை. நுனி வளைந்த மெல்லிய கொக்கியை மணியின் ஓரமாக உள்ளே விட்டு, அதன் பின்பக்கம் திருப்பி, அங்கிருந்து வெளியே இழுத்து வருவார்கள். காகிதம், பஞ்சு மாதிரி பிடி கிடைக்கிற பொருளுக்குத்தான் இடுக்கி. சிலவற்றுக்கு உறிஞ்சு குழாய். இதையெல்லாம் தலையில் விளக்கு கட்டிக்கொண்டோ மைக்ராஸ்கோப் வழியாகவோ பார்த்துச் செய்கிறார்கள். வீட்டில் நமக்கு இருப்பது செல்போன் டார்ச்சும், "ஆடாதடா, ஆடாதடா" என்ற அதட்டலும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொருள் போன காதைத் தரையைப் பார்த்தபடி சாய்த்து, காது மடலை மெல்ல இழுத்து, தலையை லேசாக அசைக்கலாம். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும், சின்னக் குழந்தைகளுக்குக் கீழும் பின்னும். வழி நேராகும், சில நேரம் மணி தானாக விழும். விழாவிட்டால் விட்டுவிட வேண்டும். மறுபக்கக் கன்னத்தில் தட்டுவது, தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவது எல்லாம் வேண்டாம்.

பூச்சிக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் ஐப்பசி மழை பிடித்ததும் ஈசல் கிளம்பும். பருத்திப்பட்டு ஏரி ஓரமாக ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் சாயங்காலம் ஹெல்மெட் இல்லாமல் வருகிற ஆளுக்குக் கண், காது, வாய் மூன்றிலும் பூச்சி பிரசாதம் கிடைக்கும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்கள் காதில் எறும்பும் சின்னக் கரப்பானும் நுழைகின்றன. உள்ளே போன பூச்சி திரும்பி வரத் தெரியாமல் செவிப்பறை மேலேயே ஊரும். அந்தச் சத்தம் வெளியே நிற்கிற நமக்குக் கேட்காது. உள்ளே இருப்பவருக்கு மண்டைக்குள் டிராக்டர் ஓடுகிறது. பெரிய ஆம்பிளைகள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே மட்டும் எண்ணெய்க்கு அனுமதி. பூச்சியை வெளியே எடுப்பது அடுத்த வேலை, முதலில் அதைச் சாகடிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மடலை இழுத்துப் பிடித்து, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ காது நிறையும் வரை மெதுவாக விட்டால், பூச்சி சில நிமிஷத்தில் மூச்சடைத்துச் செத்துவிடும். பிறகு காதைக் கவிழ்த்தால் எண்ணெயோடு அதுவும் வந்துவிடலாம். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றக் கூடாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், அதை உருக்கினால் நன்றாக ஆறவிட்டு, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. காதில் ஏற்கனவே சீழ் வருகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை என்று டாக்டர் சொன்னவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள் எண்ணெயும் விடக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். டார்ச் அடித்தால் பூச்சி வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பது அந்துப்பூச்சிக்குச் சரி. கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் இன்னும் உள்ளே ஓடும். பூச்சி செத்து அரவம் நின்றுவிட்டாலும் மறுநாள் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு காலோ இறக்கையோ உள்ளே தங்கினால் அழுகிப் புண்ணாகும்.

இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்த ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். ஜான் ஹானிங் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர், வங்காளப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1858-இல் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிப் பயணத்தில் கூடாரம் அடித்திருந்தார். புயல் கூடாரத்தை உலுக்கி எடுத்தது. சாமான்களை ஒழுங்குபடுத்த மெழுகுவர்த்தி ஏற்றினார். கறுப்பு வண்டுகள் படை படையாக வந்தன. விரட்டி மாளாமல் அப்படியே படுத்துவிட்டார். ஒரு வண்டு காதுக்குள் போய்விட்டது. கையில் எண்ணெய் இல்லை. வெண்ணெயை உருக்கி ஊற்றினார், பலிக்கவில்லை. அடுத்து அவர் எடுத்தது பேனாக்கத்தி. வண்டு செத்தது, காதும் புண்ணானது. முகம் வீங்கி, மெல்ல முடியாமல் கஞ்சி வகையறாவில் காலம் தள்ளினார். பல மாதம் அந்தக் காது கேட்கவில்லை. மூக்கைச் சிந்தினால் காதுவழியே விசில் சத்தம் வந்ததாகவும் கேட்டவர்கள் சிரித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். செவிப்பறை ஓட்டையாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். வண்டின் காலும் இறக்கையும் ஆறேழு மாதம் கழித்துக் குறும்பியோடு வந்தனவாம். அதே வருஷம்தான் அவர் விக்டோரியா ஏரியையும் கண்டார். காடு மேடெல்லாம் தாண்டியவரால் தன் காதைத் தாண்ட முடியவில்லை.

எண்ணெய் என்றதும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் என்று கிளம்பிவிடக் கூடாது. வீட்டுப் பாட்டிகளோடு எனக்குள்ள தீராத வழக்கு இது. "எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துடும்பா" என்பார்கள். மணிக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட யார் இருக்கிறார்கள்? எண்ணெய் பட்ட மணி டாக்டரின் கொக்கிக்கும் வழுக்கும், அவ்வளவுதான். கொண்டைக்கடலை, பட்டாணி, பயறு, புளியங்கொட்டை போயிருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. ஊறி உப்பி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் சுண்டல் செய்கிற வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. விதை போனால் மட்டும் இரண்டு நாள், மூன்று நாள் என்று தள்ளாமல் மறுநாள் காலையே காட்டிவிடுங்கள். காதின் ஈரமே அதை மெல்ல ஊற வைக்கும்.

இப்போது பேட்டரி. இதற்குக் காலை வரை பொறுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கச் சொல்ல மாட்டேன். திருவேற்காட்டில் ஆடி மாதக் கூட்டத்தில் விற்கிற மின்னும் மோதிரம், விளக்கு எரியும் பம்பரம், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றிலும் பொத்தான் பேட்டரி இருக்கிறது. நான் விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரிலும் இருக்கிறது. அந்தச் சின்ன ரகத்துக்கு எல்.ஆர். 41 என்று பெயர், குறுக்களவு 7.9 மில்லிமீட்டர். தாத்தாவின் காதுக்கருவியிலும் அதே மாதிரி ஒன்று. காதுக்குள் இருக்கும் ஈரம் பேட்டரியின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். மின்சாரம் ஓடும். நெகட்டிவ் பக்கத்தில் காரம் உண்டாகித் தோலையும் சதையையும் கரைக்கும். சில மணி நேரத்தில் புண் எலும்பு வரை போகலாம், செவிப்பறை போகலாம். பேட்டரி ஒழுகத் தேவையில்லை, பழைய பேட்டரி என்று நிம்மதியடையவும் வேண்டாம். பொம்மையை ஓட்ட முடியாத பேட்டரியில்கூடச் சதையைச் சுட மின்சாரம் மிச்சமிருக்கும்.

எந்தச் சொட்டு மருந்தும், தண்ணீரும், எண்ணெயும் விடாமல் நேராகக் கிளம்ப வேண்டும். நம் பக்கத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை, குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. வண்டி இல்லாவிட்டால் 108. உள்ளே போனது என்னவென்று தெரியாமல், பளபளவென்று வட்டமாக ஏதோ தெரிகிறது என்றால் அதைப் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டில் எந்தப் பொம்மையின் பின்மூடி திறந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் பொம்மையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களின் காது தனி ரகம். பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரத்துக்குச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தொழிற்சாலை விதி இருக்கிறது. தாண்டுகிற இடத்தில் காதடைப்பான் கொடுக்கிறார்கள். அந்த மஞ்சள் ஸ்பாஞ்சை மாசக் கணக்கில் மாற்றாமல் போட்டால் பிய்ந்து பாதி உள்ளே நின்றுவிடும். ஷிஃப்ட் முடிந்து வந்து, "அண்ணே, இடது காது மட்டும் அடைச்ச மாதிரியே இருக்கு" என்பார் தம்பி. ஸ்பாஞ்சுதானே என்று நான் தொடுவதில்லை. இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, காலையில் டிஸ்பென்சரிக்குப் போனால் அங்கிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

வெல்டர் வந்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். மல்லாந்து படுத்தோ ஒருக்களித்தோ மேல்பக்கம் வெல்டிங் அடிக்கும்போது ஒரு பொறி காதுக்குள் விழும். உஸ் என்று ஒரு சத்தம், சுரீர் என்று ஒரு வலி, பிறகு அடைப்பு. அந்தப் பொறி செவிப்பறையைச் சுட்டு ஓட்டையாக்கியிருக்கலாம். அடிபட்டுக் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாக ஆறிவிடும். சுட்டு ஓட்டையானது அத்தனை சுலபமாக ஆறாது, ஓரங்கள் கருகிவிடுவதால். இதில் எண்ணெய் ஊற்றினால் அது நடுக்காதுக்கே போய்விடும். தலைச்சுற்றல் இருந்தாலோ, காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கு ராத்திரியே போக வேண்டும்.

"டாக்டர் மட்டும் தண்ணி பீச்சி எடுக்கிறாரே, நாங்க ஏன் செய்யக் கூடாது?" என்று கேட்டவர்கள் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகே டாக்டர் பீச்சுவார். தண்ணீரும் உடம்புச் சூட்டில், 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கவனித்தவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர், காதைக் கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று சொல்வதையும், அவர்கள் கண்மணிகள் ஆடுவதையும் பார்த்தார். தண்ணீர் சில்லென்று இருந்தால் கண் ஒரு பக்கம் ஆடியது, சூடாக இருந்தால் மறுபக்கம். உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உள்காதில் எப்படி வேலை செய்கிறது என்பதை இதை வைத்தே கண்டுபிடித்தார். 1914-ஆம் ஆண்டின் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். நம் வீட்டுப் பாத்ரூமில், குழாய்த் தண்ணீரும் ஊசி போடும் சிரிஞ்சுமாக அந்தப் பரிசோதனையைப் பிள்ளை மேல் திரும்பச் செய்ய வேண்டாம்.

டாக்டருக்கும் முதல் முயற்சிதான் நல்ல முயற்சி. பிள்ளை இன்னும் பயப்படவில்லை, தோல் வீங்கவில்லை, ரத்தம் பார்வையை மறைக்கவில்லை. வீட்டில் நோண்டிவிட்டுக் கொண்டுபோனால் அந்த முதல் வாய்ப்பை நாம் ஏற்கனவே செலவழித்துவிட்டோம். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அப்படி ஆகலாம் என்பதால், பிள்ளை கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

சொட்டு மருந்தைக் கேட்டால் தராமல் அனுப்புகிறேன் என்று என் மேல் தெருவில் ஒரு வருத்தம் உண்டு. செவிப்பறை ஓட்டையாக இருந்தால் சில ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்காதுக்குப் போய்க் கேட்கும் சக்தியையே கெடுக்கக்கூடும். ஓட்டை இருக்கிறதா என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குத் தெரியாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. உடனே ஒட்டும் பசையின் குட்டி டப்பாவும் சொட்டு மருந்து டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கிற வீடுகள் ஏராளம். மின்சாரம் போன நேரத்தில் கை மாறிவிடும். பசை காதுக்குள் போனால் இழுக்காதீர்கள், கரைக்க எதையும் ஊற்றாதீர்கள், அன்றைக்கே டாக்டர்.

பட்ஸ் விற்கிறேன். மறைக்கவில்லை. காதுக்குள் விடாதீர்கள் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பதை வாங்குகிறவர் யாரும் படிப்பதில்லை. பெரியவர்கள் காதில் சிக்கும் பொருளில் அந்தப் பஞ்சு நுனிக்கு முக்கிய இடம் உண்டு. காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே இருக்கும் தோல் நகம் வளரும் வேகத்தில் வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே குறும்பியைச் சுமந்து வருகிறது. வெளியே வருவதை நாம் பட்ஸால் திரும்ப உள்ளே அனுப்புகிறோம். இப்போது நுனியில் கேமரா வைத்த காதுகுடைப்பான் ஆன்லைனில் வருகிறது, செல்போனில் உள்ளே எல்லாம் தெரிகிறது. எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் அந்தப் படத்தில் தெரியாது. பக்கத்தில் ஓடிவரும் பிள்ளை முழங்கையை இடித்தால் போதும்.

பிள்ளைகள் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. ஒரு காதில் மட்டும் நாற்றமடிக்கும் சீழ், காரணமில்லாத வறட்டு இருமல், "கூப்பிட்டா திரும்புறதே இல்ல" என்று டீச்சரிடமிருந்து புகார் என்றால், காதில் எப்போதோ போட்ட பென்சில் துண்டு இருக்கலாம். இருமல் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். காதின் வழியில் இருமலோடு தொடர்புள்ள நரம்பின் கிளை ஒன்று ஓடுகிறது. அதை ஏதாவது உறுத்திக்கொண்டிருந்தால் இருமும்.

காலையில் டாக்டரிடம் போகும்போது அதே பாசிமாலையிலிருந்து இன்னொரு மணியை எடுத்துக்கொண்டு போங்கள். அளவும் வழவழப்பும் தெரிந்தால் எந்தக் கருவி என்று அவர் உடனே முடிவு செய்வார். மணியை எடுத்துக் கையில் கொடுத்ததும் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்தக் காதை மறுபடி பார்ப்பார், பிறகு அடுத்த காது, பிறகு இரண்டு மூக்குத் துவாரம். ஒரு மணியோடு நிறுத்துகிற பிள்ளைகள் குறைவு.